காசு கொடுக்கும் முன் கம்பியைத் தட்டிப் பாருங்கள்: பேஸ் கிற்றார் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் பற்றிய கேள்விகளே அதிகம். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். வன்னியில் இருந்துகொண்டு ஒரு பேஸ் வாங்குவது கொழும்பில் வாங்குவது போல இல்லை. சரிவரவில்லை என்றால் மறுநாள் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளப் பக்கத்தில் கடை கிடையாது, ஒருமுறை காசு கைமாறினால் மாறினதுதான். ஆகவே வாங்கும் முன் நீங்களே வடிவாகச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு உத்தரவாதம் உங்களுக்கு இல்லை. கீழே வரும் பதில்களில் பல ஏதோ ஒரு வகையில் அதைப் பற்றியவைதான்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: கொழும்பில் ஒருவர் பாவித்த யமஹா பேஸ் ஒன்றை இணையத்தில் விலைக்குப் போட்டிருக்கிறார். படத்தில் புதிது போலவே இருக்கிறது. பாதிக் காசை முதலில் வங்கியில் போட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். வாங்கலாமா?

காசை முதலில் போட வேண்டாம் தம்பி. அவர் நேர்மையான ஆளாகவே இருக்கலாம், அது வேறு. படத்தைப் பார்த்து ஒரு பேஸின் நிலைமையைச் சொல்ல யாராலும் முடியாது. உடம்பில் பூச்சு மினுங்கும், ஆனால் வாங்குகிறவரின் காசைத் தின்பது நெக் என்ற நீண்ட கழுத்தும் அதில் குறுக்கே பதித்திருக்கும் பிரெட் என்ற உலோகப் பட்டைகளும்தான், அவை படத்தில் தெரியாது. வேறு வேலையாகக் கொழும்புக்குப் போகும் நாளில் நேரே போய்ப் பாருங்கள், அல்லது அங்கே படிக்கிற, கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்த சொந்தக்காரப் பெடியன் ஒருவனை அனுப்புங்கள். போகும்போது ஒரு கேபிளும் போனில் ஒரு டியூனர் செயலியும் கையில் இருக்கட்டும். சுருதி சேர்த்த பிறகுதான் எந்தச் சோதனையும். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக் வேறு மாதிரி நிற்கும்.

முதலில் தச்சர் பலகையின் நேர் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேஸின் தலைப் பக்கத்திலிருந்து, அதாவது சுருதி முறுக்கும் பக்கத்திலிருந்து, நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரம் ஒரு பக்கமும் மற்ற ஓரம் வேறு பக்கமுமாக முறுகியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அதை இங்கே யாரும் நேராக்கித் தர மாட்டார்கள். முறுக்கு இல்லையென்றால் அடுத்தது வளைவு. இடது கை விரலால் தடித்த கம்பியை முதலாவது பிரெட்டில் அழுத்துங்கள், வலது கையால் அதே கம்பியை நெக் உடம்போடு சேரும் இடத்துப் பிரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோல். ஏழாம் எட்டாம் பிரெட் அளவில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு விசிற்றிங் கார்ட் நுழையுமளவு இடைவெளி என்றால் நல்லது. ஒன்றுமே இல்லாமல் கம்பி பிரெட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தாலோ, ஒரு மில்லிமீற்றர் அளவு அகன்று தெரிந்தாலோ, நெக் பின்னுக்கோ முன்னுக்கோ வளைந்திருக்கிறது. இது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கோலைத் திருகி இதைச் சரிசெய்யலாம், அந்த ரொட் வேலை செய்தால். எனவே அதன் வாயை ஒருக்கா வடிவாகப் பாருங்கள். அலன் கீ போடும் துளையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகிப் போயிருந்தால் யாரோ முரட்டுத்தனமாகத் திருகியிருக்கிறார்கள், அந்த பேஸை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக, மெதுவாக, ஒரே அளவு விசையோடு வாசியுங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் கிர்ரென்று இரைந்தால் அங்கே பிரெட் கிளம்பியிருக்கிறது அல்லது பக்கத்துப் பிரெட் தேய்ந்திருக்கிறது. மெல்லிய கம்பியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் பிரெட் பக்கத்தில் ஒரு சுரம் மற்றவற்றைவிடக் கெதியாக அடங்கிப்போனால் அதற்காக வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். நல்ல விலையுள்ள பேஸ்களிலும் அது உண்டு, அந்த நெக் அதிரும் விதத்தால் வருவது. பன்னிரண்டாம் பிரெட்டில் விரலை மெல்ல வைத்துத் தட்டிவரும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது கூடக் காட்டினால், உடம்பில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கி நிற்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், குறைவென்றால் முன்னுக்கு. ஒரு திருப்புளி வேலைதான். ஆனால் சாடில் ஏற்கெனவே கடைசி எல்லையில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

குமிழ்களைத் திருகும்போது கரகரப்பது தூசு. கேபிளை ஆட்டினால் சத்தம் அறுந்து அறுந்து வருவது ஜாக்கில் ஈயம் விட்டுப்போனது, அதை ரேடியோ ரிவி திருத்தும் எந்தக் கடையிலும் ஒட்டித் தருவார்கள். இவற்றைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை. கீறல், துருப்பிடித்த கம்பி, அழுக்கு இவையும் அப்படியே. தலை நெக்கோடு சேரும் இடத்தில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் மொடல் எண்ணை எழுதவில்லை. யமஹா 174 என்றால் பற்றரி கிடையாது. 304 என்றால் உள்ளே 9 வோல்ற் பற்றரி ஒன்று இருக்கும், அது இறங்கியிருந்தால் சத்தம் உடைந்து நொய்ந்து வரும், அதைப் பழுதென்று நினைத்துவிடுவீர்கள். ஒரு புதுப் பற்றரியும் கொண்டுபோங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர்: ரொறன்ரோவில் இருக்கும் மாமா பேஸும் அம்பும் (அம்ப்ளிபயர்) சேர்த்துக் கொள்கலனில் அனுப்புகிறேன் என்கிறார். அங்கே பாவித்த சாமான், நல்லது என்கிறார். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. தயவுசெய்து பிளக்கை மாற்றிவிட்டுச் செருகிப் பார்க்க வேண்டாம். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், எங்களுக்கு 230. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள ட்ரான்ஸ்போமர் புகைந்துபோகும். அன்போடு அனுப்பிய சாமான் செருகிய அந்த நொடியிலேயே எரிந்துபோவது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தேவையில்லை, அதுவும் அனுப்பியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கும்போது.

மாமாவிடம் அம்பின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கரண்ட் வயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். 100 முதல் 240 வரை என்று இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பிளக் மாற்றினால் சரி. 115, 230 என்று மாற்றும் ஆளி இருந்தால், செருகும் முன்னமே அதை 230 க்குத் தள்ளி, 230 க்கென்று கையேட்டில் சொல்லியுள்ள பியூஸையும் போட வேண்டும். வெறும் 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் 230 ஐ 120 ஆகக் குறைக்கும் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று இல்லாமல் அதைப் பாவிக்க முடியாது. அந்தத் தகட்டில் அம்ப் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்றும் இருக்கும், ட்ரான்ஸ்போமர் அதைவிட ஒன்றரை இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக இருக்கட்டும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான்களுக்கும் இதே கதைதான், அங்கே 100 வோல்ற். லண்டன், பாரிஸ், ஜெர்மனியிலிருந்து வருவது என்றால் இந்தக் கவலை இல்லை.

என்னைக் கேட்டால், மாமா பேஸை மட்டும் அனுப்பட்டும். பேஸ் கிற்றாருக்குச் சுவர்க் கரண்டே தேவையில்லை, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே வேலை செய்யும். அம்ப் பாரமான சாமான், அதை இங்கேயே வாங்குங்கள். கொள்கலனில் மிச்சமாகும் இடத்துக்கு அவரிடம் நாலைந்து செற் கம்பி கேளுங்கள். சாதாரண நீள பேஸுக்கு 45 முதல் 105 வரையான தடிப்பு என்று சொன்னால் அங்கே எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும்.

மாங்குளத்திலிருந்து, தேவாலயப் பாடகர் குழாமைச் சேர்ந்த ஒருவர்: எங்களிடம் இருப்பது சாதாரண கிற்றார் அம்ப். அதில் பேஸைச் செருகினால் தாழ்ந்த சுரங்களுக்கு ஸ்பீக்கர் பட படவென்று அடிக்கிறது. பெரிய பேஸ் அம்ப் வாங்கும் வசதி இல்லை. என்ன செய்யலாம்?

உடனே சத்தத்தைக் குறையுங்கள், அந்த ஸ்பீக்கர் கிழியப்போகிறது. பேஸின் தடித்த கம்பியைத் திறந்து தட்டினால் நொடிக்கு 41 அதிர்வுதான். அவ்வளவு தாழ்ந்த ஒலியை உரத்துக் கொடுக்க ஸ்பீக்கரின் கடதாசி மிகத் தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும், கிற்றார் ஸ்பீக்கர் அதற்கென்று செய்தது இல்லை. மெல்ல வைத்துப் பழகுவதற்கு மட்டும் அதைப் பாவிக்கலாம்.

ஆலயத்தில் சவுண்ட் செற்றும் மிக்ஸரும் இருக்கும்தானே? அம்ப் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு பேஸின் ஒலியை மிக்ஸருக்குப் பொருத்தமாக மாற்றிக் கொடுக்கும் டிஐ பெட்டி ஒன்றை வாங்குங்கள். பேஸிலிருந்து கேபிள் அதற்குள் போகும், அதிலிருந்து மைக் வயர் மிக்ஸருக்குப் போகும். பெரிய அம்பின் விலையில் இது ஒரு சிறு பங்கு. பேஸை நேரே மிக்ஸரில் செருகினால் சத்தம் வரும், ஆனால் சாரமில்லாமல் வரும், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பேஸின் பிக்அப்புக்கும் மிக்ஸரின் வாய்க்கும் பொருந்தாததால். கரண்ட் தேவைப்படும் அக்டிவ் வகை டிஐக்கு மிக்ஸரிலுள்ள 48 வோல்ற் ஆளியைப் போட்டால் பற்றரி கூட வேண்டாம். கீபோர்டுக்கென்று செய்த அம்ப் யாரிடமாவது இருந்தால் அதுவும் பேஸைத் தாங்கும்.

திருவிழாக்களில் மரத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பேச்சும் பாட்டும் அடுத்த ஊர்வரை கேட்கும், பேஸ் அதில் வரவே வராது. மேடைக்குப் பக்கத்தில் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு இசைக்குழுக்காரர்: கோவில் திருவிழா மேடையில் பேஸ் வாசித்துக்கொண்டே மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் கரண்ட் அடிக்கிறது. பேஸ் பழுதா? விற்றுவிடலாமா?

பேஸை விற்றாலும் அடுத்த பேஸிலும் அடிக்கும் அண்ணா. பிழை உங்கள் பேஸில் இல்லை, மேடையின் எர்த்தில். தயவுசெய்து இதை இலேசாக எடுக்க வேண்டாம், உயிர் போகக்கூடிய விஷயம். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக அம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மைக் மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. அம்ப் ஒரு வீட்டுக் கரண்டிலும் மிக்ஸர் ஜெனரேற்றரிலும் ஓடினால், அல்லது இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாவிட்டால், அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் கைக்கும் உதட்டுக்கும் நடுவால் ஓடுகிறது. அதற்கு மேலே, கோவிலில் நாங்கள் வெறுங்காலோடு, தண்ணீர் தெளித்த மண்ணில் நிற்கிறோம்.

மேடையில் உள்ள எல்லாச் சாமானும் ஒரே இடத்துக் கரண்டிலிருந்து வரட்டும். ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா, நடுவில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று மின்சார வேலை தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்ய வேண்டாம், செய்பவரைக் கண்டால் தடுங்கள். மைக்கைத் தொடும் முன் கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரைப் பேஸின் கம்பியிலும் மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். நிற்கும் இடத்தில் காய்ந்த பலகையோ தடித்த ரப்பர் விரிப்போ போடுங்கள், மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டுங்கள். இவை மேலதிகக் காப்புத்தான், எர்த் சரியாகும் வரை மேடை ஏற வேண்டாம்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: தலையில் ஃபெண்டர் என்று எழுதிய பேஸ் ஒன்று மிக மலிவாக வருகிறது. உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிக மலிவு என்பதே பாதிப் பதில். அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், பிரெசிஷன் பேஸ் என்ற மொடலை 1951 இலும் ஜாஸ் பேஸ் என்ற மொடலை 1960 இலும் கொண்டுவந்தார். அந்த உருவங்களை அன்றிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள், அதில் களவு ஒன்றும் இல்லை. பிரெசிஷனின் உடம்பு வடிவத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் நிறுவனம் கேட்டதை அமெரிக்காவில் 2009 இல் மறுத்துவிட்டார்கள். அதே உருவத்தில் வேறு பெயரோடு வரும் பேஸ் நேர்மையான பேஸ். ஸ்குவையர் என்று எழுதியிருந்தால் அது ஃபெண்டரின் சொந்த மலிவு வகைதான், தாராளமாக வாங்கலாம். பொய்ப் பெயர் ஒட்டியதுதான் பிழை.

தொடர் இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், இலக்கத்தையும் நகல் எடுப்பார்கள். எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்கிறதா, அந்த மொடலுக்குரிய பிக்அப்பும் பிரிட்ஜும்தானா என்று உண்மையான ஒன்றின் படத்தோடு ஒப்பிடுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால், பெயரை மறந்துவிட்டு, கிளிநொச்சித் தம்பிக்குச் சொன்ன சோதனைகளைச் செய்து, பெயரில்லாத ஒரு பேஸுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். நாளைக்கு விற்கும்போது நீங்களும் அதை ஃபெண்டர் என்று சொல்லக்கூடாது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்: குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது, என் பேஸைக் கொடுத்துவிடப் போகிறேன். என்ன விலை சொல்வது, எப்படி அனுப்புவது?

விலையை என்னால் எண்ணாகச் சொல்ல முடியாது, டொலர் ஏறி இறங்கும் போதெல்லாம் அதுவும் மாறுகிறது. அதே மொடல் இணையத்தில் என்ன விலைக்குக் கிடக்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்காகக் கிடப்பவற்றின் விலையை விட்டுவிடுங்கள், அவை விற்காத விலை. கெதியாகப் போனவை எந்த விலைக்குப் போடப்பட்டிருந்தன என்று பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில் முன், பின், தலை, பிரெட், தொடர் இலக்கம் எல்லாம் படமெடுங்கள். பழுதை ஒளிக்காமல் அதையும் கிட்டத்தில் எடுங்கள். ஒரு நிமிடம் வாசித்து வீடியோவும் போடுங்கள். குறை இன்னது என்று முதலே சொல்லிவிட்டால் வீட்டு வாசலில் வந்து நின்று விலை குறைக்கும் வாதம் வராது. விற்பதற்காகப் புதுக் கம்பி போட வேண்டாம், பழையதைத் துடைத்துவிட்டால் போதும்.

முடிந்தால் இங்கேயே, வன்னிக்குள்ளேயே கொடுங்கள். 2009 இல் வீடுவாசலையே விட்டுவிட்டு வந்த சனங்களிடம் வாத்தியம் எங்கே மிஞ்சியது? இப்போது இசைக்குழு தொடங்கும் பெடியளுக்கு மூத்தவர்களிடமிருந்து கைமாறி வரும் பழைய வாத்தியங்கள் மிகக் குறைவு. வாங்குபவர் உங்கள் வீட்டுக்கே வந்து வாசித்துப் பார்த்து எடுத்துப் போவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. தூரத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுக்க வேண்டாம். தலையைச் சுற்றியும் நெக்கின் அடியிலும் பழைய பேப்பரைக் கசக்கி இறுக்கமாகத் திணியுங்கள், பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒன்றும் அசையக்கூடாது. பஸ்ஸில் ஏற்றும்போது மேலே மூட்டை போட வேண்டாம் என்று நடத்துனரிடம் வாயால் சொல்லுங்கள், எழுதி ஒட்டியதை யாரும் வாசிப்பதில்லை.

பரந்தனிலிருந்து ஒரு மாணவி: எனக்குக் கை சின்னது. நாலு கம்பியா ஐந்து கம்பியா நல்லது? நாலு கம்பிக்கு இவ்வளவு காசா என்று அம்மா கேட்கிறா.

நாலு கம்பி, தங்கச்சி. ஐந்தாவது கம்பி இன்னும் தாழ்ந்த சுரங்களுக்கு, அதற்கு நெக்கும் அகலம், அதை நல்லாக் கொடுக்கப் பெரிய ஸ்பீக்கரும் வேண்டும். இப்போதைக்குத் தேவையில்லை. சாதாரண பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். ஷோர்ட் ஸ்கேல் என்று 30 அங்குலத்தில் ஒரு வகை உண்டு, பிரெட்டுகள் கிட்டக் கிட்ட இருக்கும். பீற்றில்ஸின் போல் மக்கார்ட்னி வாசித்த அந்த வயலின் வடிவ பேஸும் குட்டை வகைதான், ஆகவே அதைச் சின்னப்பிள்ளைகளின் சாமான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கும்போது அதற்குரிய நீளக் கம்பி வாங்க மறக்காதீர்கள்.

அம்மாவுக்கு இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றை நல்ல ஹெட்போனில் போட்டுக் கொடுங்கள். பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும்.

மடுவிலிருந்து ஒரு வாசகர்: தகரக் கூரை வீடு. மாரியில் சரியாக இருந்த பேஸ், கச்சான் காற்று வந்தால் கம்பி இரைகிறது. ஏன்?

மரம் மாரியில் ஈரம் குடிக்கிறது, கச்சான் காலத்தில் காய்கிறது, நெக் அதோடு சேர்ந்து அசைகிறது. விசிற்றிங் கார்ட் சோதனையைச் செய்து பாருங்கள். இடைவெளி இல்லாமல் போயிருந்தால் ட்ரஸ் ரொட்டை இடப்பக்கம் கால் சுற்று மட்டும் தளர்த்தி, திரும்பச் சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் வலப்பக்கம் கால் சுற்று, கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு. இறுகிக்கொண்டு வர மறுத்தால் அதோடு நிறுத்துங்கள். பேஸைத் தகரத்துக்குக் கிட்ட, சுவரின் மேல் பக்கத்தில் தொங்கவிட வேண்டாம், பகலில் அங்கேதான் சூடு அதிகம். உறைக்குள் போட்டு, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், கட்டிலுக்குக் கீழே வையுங்கள்.